புகைக்குச் சொன்ன பாடம்

தீயணைப்பு வேலையில் இருந்த காலத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை "குனி" என்பதுதான். தீப்பிடித்த வீட்டில் புகை மேலே ஏறும். நல்ல காற்று தரையை ஒட்டி ஒரு முழம் உயரத்துக்கு மிச்சம் இருக்கும். அதனால் குனி, தவழ், ஈரத்துணியை மூக்கில் வை, வாசலைத் தேடிப் போ. இதைச் சந்தையில் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். நன்றாகப் பேசுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் வந்துவிட்டால் மனிதன் கொஞ்சம் கெட்டுத்தான் போகிறான். நானும் கெட்டேன்.

அறுபதுகளின் கடைசி. தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஓசூரில் இப்போது பார்க்கிற தொழிற்சாலைகள் அன்று இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில் இருந்தன. அவற்றுக்கு வேண்டிய சரக்கெல்லாம் நெடுஞ்சாலையோரம் இருந்த எங்கள் நிலையத்தின் வாசல் வழியாகத்தான் போயிற்று. வைக்கோலில் பொதிந்த ஆசிட் ஜாடிகள், எண்ணெய் டிரம்கள், ஆள் உயர இரும்பு சிலிண்டர்கள். எந்த லாரியில் என்ன போகிறது என்று நாங்கள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. எங்களுக்கு வேலை கூரை வீடுகளிலும் வைக்கோல் போர்களிலும் இருந்தது.

எங்கள் ஸ்டேஷன் ஆபீசர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கிறிஸ்தவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார், மற்ற ஆறு நாளும் எங்களைத் திட்டுவார். மெட்ராஸ் துறைமுகத்தில் சில வருஷம் வேலை பார்த்தவர் என்பதால் எங்களுக்குத் தெரியாத பொருள்களின் பெயரெல்லாம் அவருக்குத் தெரியும். கோடை பிறந்ததும் ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி காட்டுவது எங்கள் வழக்கம். பேச்சு என் பொறுப்பு. அந்த வருஷம் நான் கிளம்பும்போது அவர் வண்டிப் பக்கம் வந்து நின்றார்.

"காஸைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லுடே. லாரி போற ரோட்டுல இருக்கிற ஊரு. கனமான காஸ் தரையிலதான் கெடக்கும், அதுக்குக் குனியக் கூடாது, மேட்டுல ஏறணும்னு சொல்லு."

"சரிங்க சார்" என்றேன்.

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பயிற்சிக் காலத்தில் ஒரு முழுநாள் அதைத்தான் நடத்தினார்கள். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்று நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டு, பரீட்சையில் மார்க்கும் வாங்கியிருந்தேன்.

போன ஊர் குருபரப்பள்ளியைத் தாண்டி, சூளகிரிக்குப் போகும் வழியில், ரோட்டுக்கு மேட்டுப் பக்கம் இருந்தது. நாற்பது ஐம்பது வீடுகள். வீட்டுக்குள் தெலுங்கு, கடைக்கு வந்தால் தமிழ், மாட்டை ஓட்டும்போது கன்னடம். ஊர்ப் பொட்டலில் வைக்கோலால் ஒரு குடிசை கட்டி, உள்ளே ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டோம். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தவழ்ந்து வெளியே வர வேண்டும். முதலில் ஒருவரும் முன்வரவில்லை. கூட்டத்தில் முன்னால் நின்ற ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏங்கண்ணா, நீங்க மட்டும் தொப்பி போட்டுக்கினு நேரா நிக்கறீங்க. நாங்க மட்டும் மண்ணுல தவழணுமா?"

ஊரே சிரித்தது. நான் தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே தவழ்ந்து போய் வந்தேன். எழுந்தபோது என் மீசையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. அதற்கும் சிரித்தார்கள். பிறகு அவரே முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு போய் வந்தார். ஒரு தடவை போதாது என்று தன் வீட்டுக்காரரை இழுத்துவந்தார். அவர் பனைமரம் மாதிரி வளர்ந்த மனுஷன், கூச்ச சுபாவம். முழங்காலில் வலி வேறு. குனியவே மாட்டேன் என்று நின்றார். அந்தப் பெண் அவர் பிடரியில் கை வைத்து அமுக்கி, "குனி, குனி, அண்ணன் சொன்னது காதுல விழலையா" என்று தள்ளிக்கொண்டே உள்ளே போனார். இருவரும் இருமிக்கொண்டு மறுபக்கம் வந்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பரிசாக ஒரு தகரக் குவளை கொடுத்தோம்.

அந்தச் சிரிப்போடு கூட்டத்தை முடிக்கத்தான் எனக்கு மனம் வந்தது. காஸ், கனம், மேடு, பள்ளம் என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். குனி என்று சொன்ன வாயால் குனியாதே என்றும் சொன்னால் குழம்புவார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எங்கள் டிரைவருக்கும் பசி. கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

"காஸைப் பத்திச் சொன்னியாடே?" என்று நிலையத்தில் ஆபீசர் கேட்டார்.

"சொல்லிட்டேன் சார்."

இவ்வளவு லேசாக வந்த பொய் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வாய்க்கவில்லை.

அடுத்த பொங்கல் முடிந்து சில நாள் ஆகியிருந்தது. காலை எட்டு மணி இருக்கும். ஓசூருக்குப் போக வேண்டிய பஸ் ஒன்று திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றது. கண்டக்டர் இறங்கி ஓடி வந்தார். கண் இரண்டும் மிளகாய் போட்டது மாதிரிச் சிவந்திருந்தன.

"குருபரப்பள்ளி தாண்டி லாரி ஒண்ணு கவுந்துகினு கெடக்குதுங்க. மஞ்சப் பச்சையா புகை வருது. கிட்ட போக முடியல."

புகை என்றுதான் அவரும் சொன்னார். அந்த நிறத்தைக் கேட்டதும் எங்கள் ஆபீசர் எழுந்து, நிலையத்தில் இருந்த இரண்டு மூச்சுக் கருவிகளையும் அவரே எடுத்துச் சோதித்து வண்டியில் வைத்தார். சுவாசிக்கும் காற்று அடைத்த உருளை, ரப்பர் முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. அதுவரை அவை அலமாரியில் தூசி படிந்து கிடந்தவைதான். வாரம் ஒருமுறை துடைக்கச் சொல்லி அவர் திட்டும்போதெல்லாம் நாங்கள் முணுமுணுத்திருக்கிறோம்.

குருபரப்பள்ளி தாண்டி இரண்டு மைல் போனதும் வாசனை வந்தது. காலரா காலத்தில் கிணற்றில் கொட்டும் பிளீச்சிங் பவுடர் வாசனை, அதைவிடப் பல மடங்கு. ரோடு முழுக்கக் கொள்ளுச் செடி பரப்பியிருந்தது. எங்கள் பக்கத்தில் கொள்ளையும் ராகியையும் களத்தில் போட்டு அடிப்பதைவிடத் தார் ரோட்டில் பரப்புவது சுலபம். போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துத் தரும். மாடும் வேண்டாம், கல் உருளையும் வேண்டாம். ரோட்டோரத்திலேயே நின்று தூற்றி, மூட்டை கட்டிக்கொண்டு போகலாம். பனியில் நனைந்த கொள்ளுச் செடி டயருக்கு அடியில் எண்ணெய் மாதிரி வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பரப்புவார்கள், தெரிந்தும் ஏறுவார்கள்.

"நிறுத்து" என்றார் ஆபீசர்.

விபத்து நடந்த இடம் இன்னும் இரண்டு பர்லாங்கு தள்ளியிருந்தது. ரோடு அங்கே சரிந்து இறங்கி ஓர் ஓடைப் பாலத்தைக் கடந்து மறுபடி ஏறும். பாலத்துக்குப் பக்கத்தில் லாரி ஒருக்களித்துக் கிடந்தது. அதைச் சுற்றிப் பச்சை கலந்த மஞ்சளாக ஏதோ ஒன்று தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மேலே கிளம்பவே இல்லை.

ஆபீசர் இறங்கி, ரோட்டில் கிடந்த கொள்ளுப் பொட்டை, அந்தக் காய்ந்த உமியை, ஒரு கை அள்ளி, தலைக்கு மேலே தூக்கி விட்டார். அது எங்கள் முகத்தில் வந்து விழுந்தது.

"காத்து நம்ம பக்கம் வருது. வண்டியைத் திருப்பு. சுத்திக்கிட்டு அந்தாண்ட மேட்டுக்குப் போவணும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "சார், சுத்திப் போனா கால் மணி ஆவும். உள்ள ஆளுங்க இருந்தா?"

"இருந்தா இப்ப போயி நீயும் அவங்க பக்கத்துல படுத்துக்க. சேலத்துல இருந்து அடுத்த வண்டி வர மத்தியானம் ஆவும். அதுவரைக்கும் யாரு எடுப்பா?"

மனதுக்குள் அவரைக் கோழை என்று திட்டினேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் திட்டியது உண்மை. மணி அடித்துக்கொண்டு நேராக நெருப்புக்குள் போவதுதான் வீரம் என்று பழகியிருந்தோம். ஆபத்தைக் கண்டு வண்டியைத் திருப்பியதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

எங்கள் டிரைவர் அந்தப் பக்கத்து ஆள். ஏரிக்கரை வழியாக ஒரு மாட்டுவண்டித் தடம் அவருக்குத் தெரிந்திருந்தது. குலுங்கிக் குலுங்கிச் சுற்றிப் போய், காற்று எங்கள் முதுகில் படும்படி, நான் பயிற்சி காட்டிய அந்த ஊரின் மேட்டில் வண்டியை நிறுத்தினோம். ஊர்ச் சனம் அங்கேதான் கூடியிருந்தது. லாரி ஓட்டி வந்தவரும் ஒரு பாறையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். ஆபீசர் அவரிடம் மூன்று கேள்விதான் கேட்டார். என்ன சரக்கு, எத்தனை உருளை, எது ஒழுகுகிறது. குளோரின், பெங்களூருக்குத் தண்ணீர் சுத்தம் செய்யப் போகிறது, ஒரு உருளையின் வால்வு கழுத்தில் அடிபட்டுவிட்டது என்று அவர் இருமலுக்கு நடுவே சொன்னார்.

"ரோட்டுல யாரு இருந்தாங்க?"

கொள்ளு தூற்றிக்கொண்டிருந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர். லாரி சாய்ந்ததும் முறத்தைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொருவராகப் பார்த்து எண்ணியதில் இரண்டு பேர் குறைந்தார்கள். ஒரு புருஷன், ஒரு பெண்சாதி.

மேட்டின் விளிம்புக்குப் போய்ப் பார்த்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம், காய்ந்த ஓடையின் பள்ளத்தில், மஞ்சள் படலத்தின் ஓரத்தில் இரண்டு பேர் கிடந்தார்கள். முழங்கையை ஊன்றி, முகத்தைத் தரையோடு வைத்து, மூக்கில் துணி. அந்தத் தூரத்தில் முகம் தெரியவில்லை. ஆனால் அந்த இருப்பு எனக்குத் தெரிந்தது. நான் சொல்லிக் கொடுத்தது. அவர்கள் ஒரு பிழையும் விடாமல் செய்திருந்தார்கள்.

பயிற்சிக்கு வராதவர்கள், வந்தும் சரியாகக் கேட்காதவர்கள், கண்மூடித்தனமாக மேட்டுக்கு ஓடிப் பிழைத்திருந்தார்கள். கேட்டவர்கள் பள்ளத்தில் கிடந்தார்கள்.

ஆபீசர் தகரக் குழாயை வாயில் வைத்து, "மேல ஏறுங்க, எந்திரிச்சு மேல ஏறுங்க" என்று கத்தினார். எங்கள் டிரைவர் வாங்கித் தெலுங்கிலும் கத்தினார். பள்ளத்தில் ஒரு தலை திரும்பியது. எழுந்திருக்கவில்லை.

"நான் போறேன் சார்" என்றேன்.

எங்கள் லீடிங் ஃபயர்மேனை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவரையும் என்னையும் ஆபீசர் நிறுத்தி, முகமூடியின் ஓரங்களை விரல் விட்டுத் தடவிப் பார்த்து, இடுப்பில் கயிறு கட்டினார்.

"சேந்து போறீங்க, சேந்து வாறீங்க. பத்து நிமிஷம், மணி நான் பாக்கேன். ஆளை எடு, மேட்டுக்கு வா. சிலிண்டரு பக்கம் இப்ப தலை வைக்கப்படாது."

மற்றவர்களுக்கு ஒரு கல்வரிசையைக் காட்டி, அதற்குக் கீழே முகமூடி இல்லாமல் ஒருவனும் கால் வைக்கக் கூடாது என்றார். இரண்டு பேரை ஓஸ் பைப்போடு நிறுத்தி, காற்று போகும் பக்கத்தில் தண்ணீரைச் சாரலாக அடிக்கச் சொன்னார். அந்தச் சாரல் திரை மாதிரி நின்று காஸை அதற்கு அப்பால் போகாமல் கொஞ்சம் பிடிக்கும். சிலிண்டர் மேல் மட்டும் ஒரு சொட்டுப் படக் கூடாது, பட்டால் இரும்பை அரித்து ஓட்டை பெரிதாகிவிடும் என்று இரண்டு தடவை சொன்னார்.

இறங்கினோம். கண்ணாடிக்கு வெளியே உலகம் பழுத்த இலை நிறத்தில் இருந்தது. என் மூச்சுச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. ஓடையில் இறங்க இறங்க நிறம் கூடிக்கொண்டே போயிற்று. முழங்கால் அளவு, இடுப்பு அளவு. அவர்கள் கிடந்த இடத்தில் என் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. ஒரு நல்ல ஆள் நிமிர்ந்து நின்றிருந்தால் தலை வெளியே இருந்திருக்கும். அந்த மனுஷன் பனைமர உயரம்.

அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டேன். கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது. முகமூடிக்குள் இருந்தது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க முடியாது. என் பூட்ஸைத் தடவி, இடுப்புப் பட்டையைத் தடவிப் பார்த்தார். தீயணைப்புக்காரன் என்று தெரிந்ததும் பட்டையைப் பிடித்து என்னைக் கீழே இழுத்தார். நான் நிமிர்ந்தேன். மறுபடி இழுத்தார். மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த அந்த மனுஷி, குனி, குனி என்று கையால் என் தோளை அமுக்கினார். என்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

நான் அந்த முகமூடிக்குள் அழுதேன். கண்ணாடி மங்கிப்போய், அவரைத் தூக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. அவர் திமிறினார். ஒரு கை இன்னும் புருஷனின் முதுகில் இருந்தது. அதைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. பாய் அவர் புருஷனின் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துவந்தார். பாதிச் சரிவில் பாய்க்கு முடியவில்லை. நான் அந்தப் பெண்ணைக் கல்வரிசையில் விட்டுவிட்டுத் திரும்பி இறங்கி, இருவருமாக அவரைத் தூக்கி வந்தோம். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது.

மேலே அவர்கள் உடுத்தியிருந்ததை அவிழ்த்துப் போர்வை சுற்றி, கண்ணையும் முகத்தையும் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். படுக்க வைக்காமல் வண்டிச் சக்கரத்தில் சாய்த்து உட்கார வைத்தார்கள். அந்த மனுஷனுக்குப் பேச்சு இருந்தது. எழுந்து நடக்கப் பார்த்தார். ஆபீசர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க சாமி. கொஞ்சம் இருமல், அவ்ளோதான். ரோட்டுல தண்ணி அடிக்க வேணாம்னு சொல்லுங்க. கொள்ளு நனைஞ்சிரும்."

எங்களுக்குப் பின்னாலேயே சுற்றி வந்திருந்த அதே பஸ்ஸில் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நடக்க விடாதீர்கள், தேறிவிட்டார் என்று நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள் என்று ஆபீசர் ஒரு தாளில் எழுதிக் கண்டக்டர் சட்டைப் பையில் வைத்தார்.

வேலை அத்தோடு முடியவில்லை. பாயும் நானும் மறுபடி இறங்கிச் சிலிண்டரைப் புரட்டி நிமிர்த்தினோம். உடைந்த இடம் மேலே வந்ததும் திரவமாகக் கொட்டியது நின்று, காஸ் மட்டும் சீறியது. அதுவே பெரிய மாற்றம். மத்தியானத்துக்கு மேல் பெங்களூரிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் அதன் தலையில் இரும்புக் குல்லாய் மாதிரி ஒன்றை மாட்டி முறுக்கி அடைத்தார்கள். ஊர்க்காரர்களை ஆபீசர் சாயங்காலம் வரை கீழே விடவில்லை. ஓடையில் ஏழு ஆடு செத்துக் கிடந்தன. புங்கமரத்தின் தாழ்ந்த கிளைகளில் என் நெஞ்சு உயரம் வரைக்கும் இலை வெளுத்திருந்தது. அதற்கு மேலே பச்சையாகவே இருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

மறுநாள் காலை அந்த மனுஷன் போய்விட்டார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, இந்தக் காஸ் அப்படித்தான், தேறின மாதிரிக் காட்டிப் பிறகு எடுத்துக்கொண்டுவிடும் என்றார் டாக்டர். அவர் மனைவி பிழைத்தார். தொண்டை மட்டும் போயிற்று.

விசாரணைக்கு வந்தவர்கள் ரோட்டில் கொள்ளு பரப்பியதுதான் காரணம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அது பொய்யில்லை. லாரி சாய்ந்ததற்கு அது காரணம். அவர் செத்ததற்கு என்ன காரணம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஆபீசர் மட்டும் கேட்டார். அவர் செத்த அன்று சாயங்காலம் நான் முகமூடிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அத்தனை பேரும் மேட்டுக்கு ஓடியிருக்கான். இவங்க ரெண்டு பேரும் ஏம்டே பள்ளத்துல போயிப் படுத்தாங்க? நீதான் சொல்லியிருந்தியே."

"சொல்லலை சார்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் எழுந்து, "கோடையில அந்த ஊருக்கு நீதான் போற" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். என் மேல் எழுதி அனுப்பவும் இல்லை. அதற்காக அவரிடம் எனக்குக் கோபம்தான் இருந்தது.

கோடை வந்தது. போனேன். இந்தத் தடவை குடிசை கட்டவில்லை. அதே பொட்டலில் சனம் உட்கார்ந்திருந்தது. போன வருஷத்தைவிடக் கூட்டம் அதிகம். சிரிக்க ஒருவரும் வரவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தப் பெண் ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். பேச்சைத் தொடங்கும் முன் அவரிடம்தான் போனேன்.

"அம்மா, அந்தக் காஸுக்குக் குனியக் கூடாது. மேட்டுல ஏறணும். அது எனக்கு அப்பவே தெரியும். சொல்லச் சொல்லித்தான் என்னை அனுப்பினாங்க. நான் சொல்லாம போயிட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் இன்னும் முழுதாகத் தெளிந்திருக்கவில்லை. என்னைத் திட்ட வேண்டும், மண்ணை வாரித் தூற்ற வேண்டும் என்று காத்து நின்றேன். அவர் பேசியபோது குரல் வரவில்லை, காய்ந்த சருகைத் தேய்க்கிற மாதிரிக் காற்றுதான் வந்தது. குனிந்து காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"அவரு எந்திரிக்கப் பாத்தாரண்ணா. ரெண்டு தடவை எந்திரிச்சாரு. நாந்தான் புடரியில கை வெச்சு அமுக்கிக்கினு இருந்தேன். அண்ணன் சொன்னது மறந்து போச்சான்னு திட்டினேன்."

மூன்று மாதமாக அந்த மனுஷி இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். செய்தது நான். சுமந்தது அவர்.

"நீங்க அமுக்கலைம்மா. நான்தான்" என்றேன்.

அவர் கூட்டத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

"இப்ப போய் சொல்லு. எனக்குத்தான் சத்தம் வரல. நீ கத்திச் சொல்லு."

போய் நின்று சொன்னேன். புகைக்குக் குனியுங்கள், நிறமும் நெடியும் உள்ள கனத்த காஸுக்கு எழுந்து நில்லுங்கள், காற்றுக்குக் குறுக்கே நடந்து மேட்டுக்கு ஏறுங்கள், பள்ளத்தில் கால் வைக்காதீர்கள். எந்தப் பக்கம் காற்று என்று தெரியாவிட்டால் முறத்திலிருந்து ஒரு கை பொட்டை அள்ளி விட்டுப் பாருங்கள். போன வருஷம் இதைச் சொல்லாமல் போனவன் நான்தான் என்பதையும் சொன்னேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று கை தூக்கினார்கள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

ஊர் முழுக்க உட்கார்ந்து கேட்டது. அந்தப் பெண் கல்லை விட்டு எழுந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்து உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. நான் முடிக்கும் வரைக்கும் அவர் நின்றுகொண்டேதான் இருந்தார்.